அல்சர் மாறிவிட்டது, மலையகத்தின் கைமருந்து மாறவில்லை

ஹட்டன் பக்கத் தோட்டங்களில் "கேஸ்ட்ரிக்" இல்லாத ஆளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். எரிச்சலும் கேஸ்ட்ரிக், ஏப்பமும் கேஸ்ட்ரிக், பல வேளைகளில் நெஞ்சுவலியும் கேஸ்ட்ரிக். இந்த ஒரு சொல்லுக்குள் இருக்கும் ஆபத்து கடந்த நாற்பது ஆண்டுகளில் வேறு முகம் எடுத்துவிட்டதை நாம் கவனிக்கவில்லை என்பதே என் கவலை.

முன்பெல்லாம் அல்சர் முற்றினால் சத்திரசிகிச்சைதான். புண் ஆறி ஆறித் தழும்பாகி, இரைப்பையிலிருந்து சிறுகுடலுக்குச் செல்லும் வாசல் சுருங்கிவிடும். நேற்றுச் சாப்பிட்ட சோறு இன்று வாந்தியாக வரும். 1982இல் அவுஸ்திரேலியாவில் பரி மார்ஷலும் ரொபின் வொரனும் ஹெலிகோபெக்டர் பைலோரி என்ற கிருமியைக் கண்டுபிடித்தனர். 2005இல் நோபல் பரிசும் பெற்றனர். அல்சருக்கு முக்கிய காரணங்கள் இந்தக் கிருமியும் வலி மாத்திரைகளுமே. நாமோ நேரத்துக்குச் சாப்பிடாததால் வந்தது என்றே இன்னும் சொல்கிறோம். நோன்பு மாதத்தில் எமது வீடுகளிலும் இதே பேச்சுத்தான். (புண் உள்ளவர் நோன்புக்கு முன் டொக்டரைக் கேட்பது வேறு விடயம், அது அவசியம்.)

கிருமிக்கு மருந்து வந்தது, அமிலத்தைக் குறைக்க ஒமெப்ரசோல் வந்தது. தழும்பால் வாசல் அடைபடுவது குறைந்துபோனது. ஆகவே இன்று வயதான ஒருவருக்கு அப்படி அடைபட்டால் வைத்தியர்கள் முதலில் சந்தேகிப்பது புற்றுநோயை. அவரைக் கேஸ்ட்ரிக் என்று சொல்லி மாதக்கணக்கில் ஒமெப்ரசோலில் வைத்திருந்தால், அந்த மாதங்கள் திரும்பி வராது.

இரத்தக்கசிவும் இரைப்பை ஓட்டையாவதும் குறையவேண்டிய அளவுக்குக் குறையாததற்கு வலி மாத்திரைகள் பெரிய காரணம். சரிவில் நாள் முழுதும் நின்று கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு இடுப்பும் முழங்காலும் வலிக்காமல் இருக்குமா? டைக்ளோபெனக்கோ ஐபுபுரூபனோ இரண்டு போட்டால்தான் மறுநாள் மலையேற முடியும். அந்த மாத்திரை இரைப்பையின் பாதுகாப்புப் படலத்தைப் பலவீனமாக்குவதோடு, வலியையும் அடக்கிவிடுகிறது. எனவே சிலருக்கு எந்த எச்சரிக்கையும் இல்லாமல் கறுப்பு மலமே முதல் அடையாளமாகிறது. அதுவும் தப்பிவிடலாம், இரும்புச்சத்து மாத்திரை குடித்தாலும் மலம் கறுக்கும். தோட்டப் பெண்களிடம் இரத்தச்சோகை சாதாரணம் என்பதால், உள்ளே கசிகிறதா என்று கேட்கவும் யாருக்கும் தோன்றுவதில்லை.

டிக்கோயாவில் இந்திய உதவியுடன் கட்டிய 150 கட்டில் வைத்தியசாலையை 2017 மே மாதம் மோடி வந்து திறந்துவைத்தார். நல்ல விடயம். ஆனால் எண்டோஸ்கோபிக்காக லயத்திலிருந்து இறங்கி வருபவருக்கு அன்றைய பேர் போய்விடும், பஸ் காசும் போகும். அதைவிட டவுனில் இருக்கும் பாமசி கிட்ட.

அந்தப் பாமசிகளில் எமது சகோதரர்களுடையவையும் உண்டு. டைக்ளோபெனக் டொக்டரின் துண்டுக்குக் கொடுக்கவேண்டிய மருந்து. துண்டு இல்லாமல் கேட்பவரிடம் பனடோலைக் கொடுத்து, "மலம் கறுப்பாகப் போகிறதா, மெலிந்துவிட்டீர்களா, சாப்பிட்டது வாந்தியாக வருகிறதா?" என்று மூன்று கேள்வி கேட்க ஒரு நிமிடம் கூட ஆகாது. ஆம் என்றால் மாத்திரை விற்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பட்டும். பத்து மாத்திரையில் கிடைக்கும் இலாபம் எவ்வளவு என்பது அவர்களுக்கே தெரியும்.