சர்க்கரையைப் பார்ப்பவர்கள் ஈறையும் பார்க்கட்டும்

வடசென்னையின் காசிமேட்டில் விடியுமுன் மீன் ஏலத்துக்கு நிற்பவர்களும், எண்ணூரில் நைட் ஷிஃப்ட் முடித்து வீடு திரும்புபவர்களும் பல்வலி என்றால் முதலில் போவது மருந்துக்கடைக்குத்தான். ஒரு வலி மாத்திரை, கூடவே இரண்டு ஆன்டிபயாடிக், மறுநாள் வேலை. ஈறில் ரத்தம் கசிந்தாலோ அங்கேயும் போவதில்லை. வலிக்காத நோய்க்கு ஒரு நாள் கூலியை யார் விடுவார்கள்? பல் ஆடும்வரை ஈறு நோய் பெரும்பாலும் வலிப்பதே இல்லை.

கடைசியில் மருத்துவரிடம் போனால், 'ஒழுங்காகப் பல் துலக்கவில்லை' என்ற கண்டிப்புதான் கிடைக்கிறது. அது பாதி உண்மை.

மீதியைத் தெரிந்துகொள்ள உதவியவர்கள் இலங்கையின் மலையகத் தமிழர்கள். நார்வேயைச் சேர்ந்த ஹரால்ட் லோவின் குழு, 1970-ல் அங்குள்ள தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்களின் வாயைப் பரிசோதிக்கத் தொடங்கியது. 15 ஆண்டுகள் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தது. பிரஷ் பிடிக்கும் வழக்கமோ பல் மருத்துவமோ அங்கே இல்லை. எல்லார் பல்லிலும் அழுக்குப் படலம், அது இறுகிய காரை. எல்லார் ஈறிலும் வீக்கம். ஆனால் 1986-ல் வெளியான முடிவு வேறு கதை சொன்னது. 8 சதவீதத்தினருக்கு நோய் வேகமாகப் பரவி நடுவயதுக்குள் பற்கள் விழுந்தன. 81 சதவீதத்தினருக்கு மெல்ல நகர்ந்தது. 11 சதவீதத்தினருக்கு ஈறு வீக்கத்தைத் தாண்டவே இல்லை. உலகெங்கும் பல் மருத்துவ மாணவர்கள் படிக்கும் பாடம் இது. அந்தத் தொழிலாளர்களுக்கு நாம் பட்ட கடன் பெரிது.

ஒரே மாதிரி அழுக்கு இருந்தும் ஏன் இந்த வேறுபாடு? படலத்தில் இருப்பது ஒரு கிருமி அல்ல, நூற்றுக்கணக்கான வகைகள் சேர்ந்து வாழும் கூட்டம். அதில் மூன்று பாக்டீரியாக்கள் கூட்டணி சேரும் இடத்தில் ஈறு ஆழமாகக் குழிவிழுகிறது என்று 1998-ல் அமெரிக்காவின் சாக்ரான்ஸ்கி குழு காட்டியது. அதற்குச் சற்று முன்பே ஸ்லாட்ஸ், கான்ட்ரேராஸ் இருவரும் நோயுற்ற ஈறுகளில் ஹெர்பெஸ் குடும்ப வைரஸ்களைக் கண்டிருந்தார்கள். எப்ஸ்டீன்-பார் வைரஸும் சைட்டோமெகலோ வைரஸும் சிறுவயதிலேயே பலர் உடலில் புகுந்து, நோய் எதிர்ப்பு அணுக்களுக்குள் உறங்கிக் கிடப்பவை. ஈறு வீங்கும்போது அந்த அணுக்கள் அங்கே திரள்கின்றன. வைரஸும் கூடவே வருகிறது. அது விழித்தால் அந்த இடத்தின் காவல் தளர்கிறது, பாக்டீரியா பெருகுகிறது. பாக்டீரியா வெளியிடும் பியூட்டிரிக் அமிலம் எப்ஸ்டீன்-பார் வைரஸை எழுப்புவதை ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். வைரஸின் பங்கு எவ்வளவு என்ற விவாதம் முடியவில்லை. ஆனால் ஒன்று உறுதி: கடையில் வாங்கும் இரண்டு ஆன்டிபயாடிக் மாத்திரை வைரஸைத் தொடாது, ஈறுக்கு அடியில் ஒட்டிய படலத்தையும் கரைக்காது. அதைச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும்.

இந்தக் கூட்டத்துக்கு வடசென்னையில் வெளியே இருந்தும் துணை கிடைக்கிறது. கட்டுப்படாத சர்க்கரை ஈறைக் கெடுக்கிறது. கெட்ட ஈறு சர்க்கரையை ஏற்றுகிறது. பீடி, சிகரெட் ரத்தக் கசிவைக் குறைத்து நோயை மறைக்கின்றன. புகையிலைக் கலவையான மாவாவை அதக்கும் பக்கம் ஈறு இறங்கி வேர் தெரிகிறது.

2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் சுகாதாரப் பணியாளர்கள் வீடு தேடி வருகிறார்கள். திருவொற்றியூர், ராயபுரம் வீடுகளில் அவர்கள் ஈறையும் விசாரிக்க வேண்டும். துப்பும்போது ரத்தம் வருகிறதா, பல் ஆடுகிறதா என்று கேட்க ஒரு நிமிடம் போதும். ஆம் என்பவரைப் பல் மருத்துவரிடம் அனுப்பலாம். அவர் மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பியைப் பல்லுக்கும் ஈறுக்கும் இடையில் இறக்கிப் பார்ப்பார். மூன்று மில்லிமீட்டருக்குள் நின்றால் கவலையில்லை. ஐந்து, ஆறு என்று இறங்கினால் பெரும்பாலும் எலும்பு கரையத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

காரை எடுத்தால் பல் ஆடும் என்ற பயத்தையும் வாசலிலேயே பேசித் தீர்க்க வேண்டும். இத்தனையும் பயன்பட, மாநகராட்சி இந்தப் பகுதியில் மாலை ஆறு மணிக்குப் பிறகு திறந்திருக்கும் பல் சிகிச்சைப் பிரிவுகளைத் தர வேண்டும். கோட்டை ரயில் நிலையம் அருகிலுள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரிக்கு எண்ணூரிலிருந்து போய் வருவதென்றால் அன்றைய கூலி போய்விடும்.