ஒரு குட்டி 'எ' பண்ணின வேலை!

போன மாசம் எனக்கு கேம்பஸ் இன்டர்வியூ. "பைத்தான் தெரியுமா?"ன்னு கேட்டாங்க. கெத்தா, "ஐ ஹேவ் லிட்டில் நாலெட்ஜ் சார்"னேன். அவர் சிரிச்சார். அடுத்த கேள்வி வரலை. லிஸ்ட்ல என் பேரும் வரலை.

தாம்பரத்துல ரயிலை விட்டு இறங்கும்போதுதான் உறைச்சது. 'எ லிட்டில்'னா கொஞ்சம் தெரியும். வெறும் 'லிட்டில்'னா ஏறக்குறைய ஒண்ணும் தெரியாது! தெரிஞ்சதையும் நானே தெரியாதுன்னு சொல்லிட்டேன்.

எண்ணக்கூடிய விஷயம்னா 'ஃபியூ'. பீச் ரயில்ல 'எ ஃபியூ சீட்ஸ்' இருக்குன்னா ஓடிப்போய் இடம் பிடிங்க. வெறும் 'ஃபியூ சீட்ஸ்'னா குரோம்பேட்டை, பல்லாவரம் தாண்டியும் நின்னுக்கிட்டே போக வேண்டியதுதான்.

'எ'யா, 'ஆன்'னா? எழுத்தைப் பார்க்காதீங்க, ஒலியைக் கேளுங்க. 'எம்' உயிர் ஒலியில ஆரம்பிக்குது. அதனால 'ஆன் எம்.டி.சி. பஸ்'. 'யு' அப்படி இல்லை. அதனால 'எ யுனிவர்சிட்டி'. தமிழ்லயும் இப்படித்தானே? ஒரு ரயில், ஓர் ஊர்!

அடுத்த இன்டர்வியூவுக்கு 'எ'வை மறக்காம கூட்டிட்டுப் போறேன். நீங்களும்தான், ஓகேவா?