கண் புரைக்குக் காரணம் வயசா, வேலையா?



கண்ணில் புரை விழுந்து, அரசாங்க ஆஸ்பத்திரியில் ஆப்பரேஷன் செய்து, லென்ஸ் வைத்துக்கொண்டு வந்தவர்கள் நம்மில் அநேகர். பார்வை திரும்பிய சந்தோஷத்தில், கொடுத்த காகிதத்தைப் பிளாஸ்டிக் பையில் சுருட்டி அலமாரியில் வைத்துவிடுகிறோம். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எத்தனை பேர் கேட்டோம்?

நீங்கள் வீடு திரும்பிய பிறகு, உங்கள் நோயும் வைத்தியமும் ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் எண்களாக மாறுகின்றன. நோய்க்கு ஐ.சி.டி. 10 என்ற உலகச் சுகாதார நிறுவனத்தின் பட்டியலும், ஆப்பரேஷனுக்கு ஐ.சி.டி. 9 சி.எம். என்ற பட்டியலும் மலேசிய அரசாங்க ஆஸ்பத்திரிகளில் பழகி வந்தவை. புரையை எடுத்த கையோடு லென்ஸ் வைத்தால் 13.71. புரையை எடுத்துவிட்டு, லென்ஸை இன்னொரு நாள் வைத்தால் 13.72. பலமாக அடிபட்ட கண்ணில் இப்படி இரண்டு தடவையாகச் செய்வதும் உண்டு.

ஆனால் நம் வயிற்றைத் தொடுவது நோயின் எண்தான். வயதினால் வரும் புரை எச் 25. அடிபட்டு வரும் புரை எச் 26.1. வைக்கிற லென்ஸ் ஒன்றாக இருக்கலாம், கதை வேறு.

செம்பனையில் மட்டை வெட்டும்போது சிம்பு தெறித்துக் கண்ணில் அடிக்கிறது. "சின்ன அடிதான், கழுவிட்டு வேலையைப் பாரு" என்கிறார்கள். நாமும் கழுவிவிட்டுப் போகிறோம். மாதங்கள் கழித்து, சில சமயம் வருஷங்கள் கழித்து, அதே கண்ணில் புரை விழுகிறது. டாக்டர் கேட்டால் என்ன சொல்கிறோம்? "வயசாச்சுங்க டாக்டர், கண்ணு மங்கிருச்சு." அவர் அதையே எழுதுகிறார். எண் போடும் குமாஸ்தா அந்த எழுத்தைப் பார்த்து எண் போடுகிறார். எழுதாததை அவர் எப்படிப் போடுவார்?

அந்தப் பட்டியலில் நமக்கும் இடம் இருக்கிறது, தோழர்களே. விபத்து நடந்த இடம் விவசாய நிலம் என்றால் 7. சம்பளத்துக்கு வேலை செய்யும்போது நடந்தது என்றால் 2. நாம் வாய் திறக்காவிட்டால் அந்த இடம் காலியாகவே கிடக்கும்.

சொக்சோ இந்த எண்ணைப் பார்த்து மட்டும் பணம் கொடுப்பதில்லை. விபத்து ரிப்போர்ட்டையும் டாக்டர் ரிப்போர்ட்டையும் பார்க்கிறது. ஆனால் எண்ணும் டாக்டர் ரிப்போர்ட்டும் ஒரே பைலிலிருந்து பிறப்பவை. பைலில் "வயது" என்று இருந்தால், பிறகு வேலையில் அடிபட்டது என்று நிரூபிப்பது பெரும்பாடு. விபத்து தெரிந்ததும் 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிப்பது முதலாளியின் கடமை. 2019 முதல் வெளிநாட்டுத் தோழர்களுக்கும் சொக்சோவின் வேலை விபத்துப் பாதுகாப்பு உண்டு. அவர்களுக்கும் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

குற்றம் முழுவதும் தொழிலாளி தலையில் இல்லை. அடிபட்ட அன்றே எழுதாத நிர்வாகம்தான் முதல் குற்றவாளி என்பது என் கருத்து. ஆஸ்பத்திரியும், "என்ன வேலை செய்றீங்க? கண்ணுல எப்பவாவது அடிபட்டதா?" என்று நமக்குப் புரியும் பாஷையில் கேட்க வேண்டும். ஒரு நிமிஷம் ஆகுமா?

வயசுப் புரையை அடிபட்ட புரை என்று பொய் சொல்லச் சொல்லவில்லை. நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். கண்ணில் தூசி விழுந்தாலும் அன்றைக்கே கிளினிக்கில் பதிவு செய்யுங்கள். எந்தக் கண், எந்தத் தேதி, என்ன வேலை என்று டாக்டரிடம் சொல்லி, எழுதச் சொல்லுங்கள். லென்ஸ் விவரம் உள்ள அட்டையைக் கேட்டு வாங்கி, எம்.சி.யோடு பத்திரப்படுத்துங்கள். படிக்கத் தெரியாவிட்டால் பிள்ளைகளிடமோ சங்கக் கிளைச் செயலாளரிடமோ காட்டுங்கள்.

கண் நம்முடையது. அது எப்படிக் கெட்டது என்பதை நாம்தான் சொல்ல வேண்டும்.