பில் போட்டாச்சு, பணம் எப்போ வரும்? நெய்வேலி சொல்லும் வசூல் கணக்கு

நெய்வேலியில் வெட்டி எடுக்கப்படும் பழுப்பு நிலக்கரி மின்சாரமாகி, தமிழகத்துக்கும் அண்டை மாநிலங்களுக்கும் போகிறது. மாதாமாதம் பில்லும் போகிறது. அந்தப் பணத்தை வசூலிக்க இன்று நாடு முழுக்க ஒரே விதிமுறை இருக்கிறது. அதே ஊரைச் சுற்றி உதிரிபாகம் சப்ளை செய்பவர், ஒர்க்‌ஷாப் நடத்துபவர், துணை ஒப்பந்தம் எடுப்பவர் எல்லாரும் பில் போடுகிறார்கள். அவர்களின் வசூல் முறை பெரும்பாலும் ஒரு போன் கால்தான்: “சார், அந்த பில் என்னாச்சு?”

பணம் வராவிட்டாலும் ஜி.எஸ்.டி. காத்திருக்காது. மாதாந்திர ரிட்டர்ன் தாக்கல் செய்பவர், பில் போட்ட மாதத்துக்கு அடுத்த மாதம் 20-ஆம் தேதிக்குள் வரியைக் கட்டியாக வேண்டும். அதாவது, வராத பணத்துக்குக் கையிலிருந்து வரி.

மின்சார பாக்கியில் என்ன நடந்தது?

எந்த மாநிலம் எந்த மின் நிறுவனத்துக்கு எவ்வளவு பாக்கி என்று காட்டும் ‘பிராப்தி’ இணையதளத்தை 2018-இல் மத்திய மின் அமைச்சகம் தொடங்கியது. பட்டியல் போட்டால் மட்டும் பணம் வந்துவிடாதே! 2022 ஜூனில் நாடு முழுவதும் நிலுவை சுமார் 1.4 லட்சம் கோடி ரூபாய்.

2022 ஜூன் 3 அன்று தாமதக் கட்டண விதிகள் அறிவிக்கப்பட்டன. ஒப்பந்தத்தில் கெடு இல்லையென்றால், பில் கொடுத்ததிலிருந்து 45 நாள். தாண்டினால் கூடுதல் கட்டணம். அதன் விகிதம் மாதத்துக்கு 0.5 சதவீதப் புள்ளி ஏறும். வரும் பணம் முதலில் அந்தக் கட்டணத்துக்கு, பிறகு மிகப் பழைய பில்லுக்கு வரவு வைக்கப்படும். அதற்கும் மசியாவிட்டால் மின் சந்தையில் வாங்க முடியாது.

2022 ஆகஸ்டில் தமிழகம் உட்பட 13 மாநிலங்களின் மின் விநியோக நிறுவனங்களுக்கு அந்தத் தடை வந்தது. சில மாநிலங்கள், “பணம் கட்டிவிட்டோம், பதிவில்தான் ஏறவில்லை” என்றன. வரவைப் பதிவு செய்யாமல் நினைவூட்டல் அனுப்பினால் என்னாகும் என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் வேண்டாம்.

சிறு நிறுவனங்களுக்குச் சட்டம் என்ன சொல்கிறது?

2006-ஆம் ஆண்டின் எம்.எஸ்.எம்.இ. சட்டப்படி, பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனங்களுக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும். இல்லையென்றால் 15 நாளில். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாந்திரக் கூட்டு வட்டி.

கவனிக்க வேண்டியது: சட்டத்தின் கடிகாரம் பில் தேதியில் ஓடத் தொடங்குவதில்லை. சரக்கையோ சேவையையோ வாங்குபவர் ஏற்ற நாளிலிருந்து ஓடுகிறது. டெலிவரியான 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் வராவிட்டால், டெலிவரி நாளே ஏற்ற நாள்.

ஏப்ரல் 1-இல் பில் போட்டு, சரக்கு ஏப்ரல் 10-இல் போய்ச் சேர்ந்தது என்று வைத்துக்கொள்வோம். ஒப்பந்தத்தில் ‘ஏற்றதிலிருந்து 45 நாள்’ என்றால் கெடு மே 25. பில் தேதியிலிருந்து எண்ணும் மென்பொருள் மே 16-ஐக் காட்டும். ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள் ஏப்ரல் 25-இல் முடிந்துவிடும்; மென்பொருளோ ‘இன்னும் நேரம் இருக்கு’ என்று சும்மா இருக்கும்.

மென்பொருளில் எப்படி அமைப்பது?

ஜோஹோ புக்ஸில், கெடுவுக்கு இத்தனை நாள் முன்பு, இத்தனை நாள் பின்பு என்று தானியங்கி நினைவூட்டல்களை அமைக்கலாம். டேலியில் பில்வாரியாகக் கணக்கு வைத்தால் நிலுவைப் பட்டியலும் நினைவூட்டல் கடிதமும் எடுக்கலாம். எதில் செய்தாலும் வரிசை முக்கியம்.

• முதலில் ஒவ்வொரு பில்லிலும் கெடு தேதியைச் சரிபாருங்கள்.

• கெடுவுக்கு 5 நாள் முன்பு: “ஏதாவது ஆவணம் பாக்கியா?” என்று கேட்கும் மெயில். ஒப்பந்த வேலைகளில் மெஷர்மென்ட் புக்கில் கையெழுத்தாகாமல் பில் நின்றிருக்கலாம். அப்போது கணக்குப் பிரிவுக்கு எத்தனை மெயில் போட்டும் பயனில்லை. பணியிடப் பொறியாளரிடம்தான் பேச வேண்டும்.

• கெடு முடிந்த மறுநாள்: பில் எண், தொகை, தேதியுடன் நேரடியான நினைவூட்டல்.

• 15 நாள் கழித்து: மெயிலை நிறுத்திவிட்டு போனில் பேசுங்கள்.

• தகராறில் உள்ள பில்லுக்கு நினைவூட்டலை நிறுத்தி வையுங்கள்.

டி.டி.எஸ். பிடித்தத்தையும் பிணையாக நிறுத்தி வைத்த தொகையையும் தனியாகப் பதிவு செய்வது அவசியம். இல்லாவிட்டால் முழுசாகப் பணம் கொடுத்த வாடிக்கையாளருக்கும் “2 சதவீதம் பாக்கி” என்று மெயில் போய் நிற்கும்.

அதற்கும் அசையாவிட்டால்?

மத்திய அரசின் ‘சமாதான்’ தளத்தில் புகார் பதியலாம். மத்திய பொதுத்துறை நிறுவனங்கள் ‘ட்ரெட்ஸ்’ தளத்தில் பதிந்திருக்க வேண்டும் என்பது விதி. வாங்குபவர் அங்கே ஏற்ற பில்லை வைத்து, கெடுவுக்கு முன்பே சிறு தள்ளுபடியில் பணம் பெறலாம். 2023 நிதிச் சட்டம் இன்னொரு பிடியையும் கொடுத்தது: கெடுவுக்குள் பணம் தராத நிறுவனம், பணம் தரும் ஆண்டில்தான் அந்தச் செலவை வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியும். மார்ச் மாத நினைவூட்டலில் இந்த ஒரு வரியைச் சேர்த்தால் கணக்குப் பிரிவு கவனிக்கும்.

ஆனாலும் பலர் தயங்குகிறார்கள். வட்டி கேட்டால் அடுத்த ஆர்டர் கிடைக்காதோ என்ற பயம் நியாயமானது. விதிப்படி எல்லாருக்கும் ஒரே நாளில், ஒரே வாசகத்தில் போகும் நினைவூட்டல் அந்தச் சங்கடத்தைக் கொஞ்சம் குறைக்கும்; ‘என்னை மட்டும் நெருக்குகிறார்’ என்று யாரும் சொல்ல முடியாது. வட்டி கோரும் கடிதத்தையும் ‘சமாதான்’ புகாரையும் மட்டும் மென்பொருளிடம் விடாமல் உரிமையாளரே முடிவு செய்வது நல்லது. மின் நிறுவனத்திடம் இணைப்பை நிறுத்தும் அதிகாரம் இருக்கிறது. சிறு சப்ளையரிடம் இருப்பது தேதி தவறாத கணக்கு மட்டுமே. புகார் வரைக்கும் போனால் அதுதான் சாட்சி.