யாருடைய கனா, யாருடைய காலம்?

2006இல் விஜய் தொலைக்காட்சியில் தொடங்கிய 'கனா காணும் காலங்கள்' பள்ளிக்கூடத் தொடரை, அதே பெயரில் புதுமுகங்களை வைத்து 2022 ஏப்ரல் 22 முதல் டிஸ்னி பிளஸ் ஹாட்ஸ்டாரில் மறுபடியும் விட்டார்கள். 'ரீபூட்' என்று இதற்குப் பெயராம். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் கம்பெனிகளில் வேலை செய்கிறவர்களுக்கு இந்தச் சொல் புதிதல்ல. லைனில் மிஷின் மக்கர் பண்ணினால் ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவது. ஆன் பண்ணினதால் மிஷின் புதுசாகிவிடாது.

முதல் அத்தியாயத்தை முன்வைத்துச் சிலவற்றைப் பேச வேண்டியிருக்கிறது. பிள்ளைகள் நன்றாகவே நடிக்கிறார்கள், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். சில இடங்களில் எனக்குச் சிரிப்பும் வந்தது. ஆனால் இந்தப் பிள்ளைகள் ஊருக்குள் எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள் என்பது மட்டும் கடைசிவரை பிடிபடவில்லை. நம்ம பள்ளிக்கூடங்களில் முதல்நாள் பக்கத்து பெஞ்சுக்காரி கேட்கிற கேள்வியே அதுதான்: "ஊரா, காலனியா?" பேர் கேட்பதுகூட அப்புறந்தான். இன்னொன்று, ஸ்காலர்ஷிப் பாரம் வருகிற நாள். "எஸ்.சி. புள்ளைங்கல்லாம் எழுந்து நில்லுங்க" என்பார் வாத்தியார். எட்டாவது படிக்கும்போது நானும் எழுந்து நின்றிருக்கிறேன். அதுவரை என் டிபன் பாக்ஸில் கைவைத்துத் தின்றவள் அன்றைக்கு மத்தியானம் வேறு பெஞ்சுக்குப் போனாள். திட்டவில்லை, முறைக்கவில்லை. இடம் மாறினாள், அவ்வளவுதான். இதைப் படமெடுக்க என்ன செலவாகிவிடும்?

"பொழுதுபோக்குத் தொடரில் போய் சாதியைத் தேடலாமா?" என்று கேட்பார்கள். நம்ம தோழர்களே கேட்பார்கள். அங்கேதான் தேட வேண்டும். சாதியே இல்லாதவர்கள் மாதிரி திரையில் உலவுகிற பிள்ளைகள் சாதியற்றவர்கள் அல்லர். வாசலில் நின்று யாரும் சாதி கேட்காத வீட்டுப் பிள்ளைகள். அந்த வீட்டின் இளமையைத்தான் 'நம் எல்லோருடைய பள்ளிக்காலம்' என்று வெகுசன ஊடகம் விற்கிறது. அந்த 'நம்'முக்குள் நாம் இல்லை.

பள்ளிக்கூடத் தொடர்களில் ஒரு கடைக்கண் பார்வைக்கு அதிகபட்சத் தண்டனை, வகுப்புக்கு வெளியே முட்டி போடுவது. நம்ம பக்கம் அதன் கணக்கு வேறு. ஒரு காதல் கல்யாணத்துக்காக 2012 நவம்பர் 7 அன்று தர்மபுரியில் நத்தம், அண்ணாநகர், கொண்டம்பட்டி காலனிகளைக் கொளுத்தினார்கள். அந்தக் கல்யாணத்தைச் செய்துகொண்ட இளவரசன் 2013 ஜூலையில் தண்டவாளத்தோரம் பிணமாகக் கிடந்தார். காதலும் வேண்டாம், ஒழுங்காகப் படித்தால் போதும் என்பீர்களா? 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு தலித் மாணவனை, அவன் படித்த பள்ளி மாணவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்கப்போன தங்கைக்கும் வெட்டு. அதற்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு, மாணவர்கள் கையில் கட்டும் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றித் திலகம் ஆகிய சாதி அடையாளங்களைத் தடைசெய்யச் சொல்லி 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. தொடர்களுக்கு உடையலங்காரம் செய்கிறவர்கள் ஒருநாள் அந்தப் பக்கத்துப் பள்ளி வாசலில் நின்று மணிக்கட்டுகளைப் பார்த்துவிட்டு வரட்டும்.

ஆனால் நான் கேட்பது அழுகை அல்ல. அடுத்த தடவை ஒரு தலித் பாத்திரத்தைச் சேர்த்து, அவனை அடிவாங்க வைத்து, நாயகன் கையால் கண்ணீரைத் துடைக்கவைத்தால் அது இதைவிடக் கேவலம். எங்க புள்ளைங்களும் திரையில் வெட்டியாகச் சிரிக்கணும், காப்பி அடிச்சு மாட்டணும், லூசுத்தனமா காதலிக்கணும், அவங்க தெரு அவங்க கூடவே இருக்கணும். முடியாத காரியமா? பாமாவின் 'கருக்கு' 1992இலேயே பள்ளிக்கூட இழிவையும் தெரு விளையாட்டையும் ஒன்றாக வைத்தது. மாரி செல்வராஜின் 'வாழை' 2024இல் வாழைத்தார் சுமக்கிற பையனுக்கு டீச்சர் மேல் ஒரு கிறுக்கையும் கொடுத்தது. நம்முடைய எழுத்தில் பாதி இன்னும் காயத்தை மட்டும்தான் காட்டிக்கொண்டிருக்கிறது என்பதையும் இங்கே சொல்லித்தான் ஆகவேண்டும்.

முதல் தொடர் வந்த அதே 2006இல்தான் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை திறந்தது. பிளஸ் டூ முடித்த நம்ம புள்ளைங்களுக்குக் காலேஜ் பஸ்ஸுக்குப் பதில் கம்பெனி பஸ் வந்தது. 2010இல் அந்த ஆலையில் ஓர் இளம்பெண் மிஷினில் சிக்கிச் செத்தாள். 2014 நவம்பரில் ஆலையையே மூடிவிட்டார்கள். தொடருக்கு மறுபடி ஆன் பண்ண ஒரு பட்டன் இருந்தது. வேலை போனவர்களுக்கு?

2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் ஐபோன் ஆலைப் பெண்கள் விடுதிச் சாப்பாடு விஷமாகி, 159 பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். கூட இருந்தவர்களுக்கு என்ன ஆச்சு என்று சொல்ல ஆளில்லாமல், ராத்திரியில் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்து உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் இருபதை ஒட்டிய வயது. சரியாக நான்கு மாதம் கழித்து 'கனா' திரும்பி வந்தது. தொடரில் வருகிற பிள்ளைகளுக்கும் ரோட்டில் உட்கார்ந்தவர்களுக்கும் இரண்டு மூன்று வயதுதான் வித்தியாசம். ஆனால் அவர்களைப் பற்றிப் பேசும்போது மாணவப் பருவம், இவர்களைப் பற்றிப் பேசும்போது 'மனிதவளம்'.

கல்யாணமான பெண்களை அந்த ஆலையில் வேலைக்கு எடுப்பதில்லை என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் எழுதியது, நிறுவனம் மறுத்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்குகிற விடுதியை முதலமைச்சர் திறந்துவைத்தார். கட்டடம் வேண்டியதுதான், முன்பு இருந்த தகரக் கொட்டடிகளை நினைத்தால் நல்லதுதான். ஆனால் வயசு வேணும், அந்த வயசுக்குரிய நேரம் மட்டும் கூடாது என்கிற ஏற்பாடு அதனால் மாறிவிடவில்லை.

இந்தப் பெண்கள் ஷிப்டு முடிந்து வந்து சின்ன போனில் இந்த மாதிரித் தொடர்களைத்தான் பார்க்கிறார்கள். குப்பை என்று ஒதுக்கிவிட்டு நாம் கூட்டம் போடப் போகிறோம். அவர்களோடு உட்கார்ந்து பார்த்திருக்கிறோமா? எனக்குத் தெரிந்த ஒருத்தி, ஆரணிப் பக்கம், பார்த்துக்கொண்டே இருந்தவள் கேட்டாள்: "இன்னாக்கா, இதுல யாருமே லீவுல வேலைக்குப் போவமாட்டாங்களா?" இதைவிட நல்ல விமர்சனத்தை நான் எழுதவில்லை.

ஆசிரியர் குழுவுக்கு ஒரு கோரிக்கை. அடுத்தடுத்த இதழ்களில் நாலு பக்கம் இவர்களுக்கு ஒதுக்குங்கள். பள்ளிக்கூடத்தில் நடந்த கூத்து, திருட்டு மாங்காய், கிழிச்சுப்போட்ட கடிதம், எதுவானாலும் சரி. எழுத நேரமில்லை என்பார்கள், அது நிஜம். வார லீவில் யாராவது போய், பேசச் சொல்லிப் பதிவுசெய்து, பேச்சைத் திருத்தாமல் அச்சடிக்க வேண்டும். போக நான் தயார், இன்னும் ரெண்டு பேர் கூட வந்தால் போதும்.