போனஸ் என்னும் பெயருடைய வரிசை

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் எல்க் வேட்டை செப்டம்பரில் தொடங்குகிறது என்று சொல்வது பாதி உண்மையே. அந்த வேட்டையின் முதற்கட்டம் பிப்ரவரியிலேயே தொடங்கிவிடுகிறது. அப்போது கையில் துப்பாக்கியோ வில்லோ இல்லை. விண்ணப்பப் படிவமும் கடன் அட்டையும்தான் உள்ளன. அரிசோனாவுக்குப் பிப்ரவரி, யூட்டாவுக்கு ஏப்ரல், நெவாடாவுக்கு மே என்று கடைசி நாள்கள் அடுத்தடுத்து வருகின்றன. இலட்சக்கணக்கானோர் விண்ணப்பிக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோருக்குக் கிடைப்பது வேட்டைச் சீட்டு அன்று. இன்னொரு போனஸ் புள்ளி.

முதலில் பெயர்களைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. ஐரோப்பாவில் எல்க் என்ற சொல் குறிப்பது வேறொரு விலங்கை. அமெரிக்கர் மூஸ் என்று அழைக்கும், அகன்ற கொம்புடைய பெருவிலங்கு அது. குடியேறிய ஆங்கிலேயர் புதிய நிலத்தில் கண்ட பெரிய மானுக்குப் பழைய பெயரைத் தவறாகச் சூட்டிவிட்டனர். அதற்கு ஷானி மொழி வழங்கிய பெயர் வாபிட்டி. வெண்பிட்டம் உடையது என்று பொருள். சரியான பெயர் அறிவியல் நூல்களில் ஒதுங்கிக்கொள்ள, தவறான பெயரே நிலைத்துவிட்டது. இந்த வேட்டையைச் சுற்றியுள்ள சொற்களில் இடம் மாறி வழங்குவது எல்க் மட்டுமன்று.

வேட்டைச் சீட்டு ஏன் இவ்வளவு அரிது என்பதற்கு வரலாற்றில் நியாயமான காரணம் உண்டு. ஐரோப்பியர் வருவதற்கு முன் வட அமெரிக்காவில் சுமார் ஒரு கோடி எல்க் இருந்திருக்கலாம் என்பது பரவலாக எடுத்தாளப்படும் மதிப்பீடு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது ஓர் இலட்சத்துக்கும் கீழே சரிந்தது. அரிசோனாவில் அம்மண்ணுக்குரிய எல்க் இனம் அடியோடு அழிந்தது. இன்று அங்குத் திரியும் மந்தைகளின் முன்னோர், 1913-இல் யெல்லோஸ்டோனிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட 83 விலங்குகள். இன்று கண்டம் முழுவதும் ஏறத்தாழ பத்து இலட்சம் எல்க் உள்ளன. சந்தைக்காகக் கொல்வதைத் தடுத்ததும், ஆண்டுதோறும் எத்தனை விலங்கைக் கொல்லலாம் என்று வரம்பு விதித்ததுமே இந்த மீட்சிக்கு வழிவகுத்தன. துப்பாக்கி, தோட்டா விற்பனையின் மீதான வரியைக் காட்டுயிர்ப் பணிக்கு ஒதுக்கிய 1937-ஆம் ஆண்டுச் சட்டமும் கைகொடுத்தது. 1972-லேயே வேட்டையைச் சட்டத்தால் ஏறக்குறைய மூடிவிட்ட இந்தியாவிலிருந்து பார்ப்பவருக்கு இது முரணாகத் தோன்றலாம். எனினும் அங்கு எல்க் பிழைத்ததற்கு வேட்டைக்காரரின் பணமும் ஒரு காரணம் என்பதை மறுப்பதற்கில்லை.

ஆகவே வரம்பு வேண்டும் என்பதில் விவாதமில்லை. அந்த வரம்புக்குள் யாரை அனுமதிப்பது என்பதே கேள்வி. காட்டு விலங்கு தனிமனிதரின் சொத்து அன்று, மக்கள் சார்பில் மாநிலம் பொறுப்பேற்றுக் காக்கும் பொதுவுடைமை என்ற கருத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1896-இல் உறுதி செய்தது. மாநிலத்தின் உரிமைக்கோரலை 1979-இல் அதே நீதிமன்றம் வெட்டிச் சுருக்கியபோதிலும், பொதுப் பொறுப்பு என்ற கருத்து மாநிலச் சட்டங்களில் உயிரோடு இருக்கிறது. உடையவர் பல இலட்சம், கிடைப்பது சில நூறு என்றால் பங்கிட மூன்று வழிகளே உள்ளன: விலை, வரிசை, குலுக்கல். விலைக்கு விடுவது பொதுவுடைமைக் கொள்கைக்கு முரண். வரிசை பொறுமைக்குப் பரிசளிக்கிறது. குலுக்கலோ ஆளைப் பார்ப்பதில்லை.

அமெரிக்காவின் பிற துறைகளிலும் இவ்விரு வழிகளும் அருகருகே நிற்பதை இந்திய வாசகர் நன்கறிவர். எச்-1பி விசா நெடுங்காலம் குலுக்கலாக நடந்தது. கிரீன் கார்டோ தேதி வாரியான வரிசை. முதலாவதில் தோற்றவர் விதியை நொந்துகொள்கிறார். இரண்டாவதில் நிற்பவருக்கு அந்த ஆறுதலும் இல்லை. தம் முறை வரும் என்று நம்பியே தலை நரைக்கிறார்.

போனஸ் புள்ளி முறை, குலுக்கலின் உடையை அணிந்த வரிசை. சீட்டு கிடைக்காத ஒவ்வோர் ஆண்டும் விண்ணப்பதாரர் கணக்கில் ஒரு புள்ளி சேர்கிறது. அடுத்த ஆண்டு அப்புள்ளி அவரது வாய்ப்பைப் பெருக்குகிறது. சீட்டு கிடைத்ததும் புள்ளிகள் பூச்சியமாகின்றன. இதை வேட்டைக்காரர் 'புள்ளிகளை எரித்தல்' என்கிறார்கள். இருபதாண்டுச் சேமிப்பு ஒரே செப்டம்பரில் சாம்பலாகிறது என்பதை இதைவிடத் துல்லியமாகச் சொல்ல இயலாது.

மாநிலத்துக்கு மாநிலம் சூத்திரம் வேறுபடுகிறது. யூட்டாவில் வரையறுக்கப்பட்ட எல்க் அனுமதிகளில் ஒரு பாதி, மிக அதிகப் புள்ளி வைத்திருப்போருக்கே செல்கிறது. மறுபாதி குலுக்கப்படுகிறது, அதிலும் புள்ளிக்கொரு கூடுதல் வாய்ப்பு. அரிசோனா 20 விழுக்காட்டை உச்சப் புள்ளியாளருக்கு ஒதுக்குகிறது. ஐந்தாண்டு விடாமல் விண்ணப்பித்தவருக்கு விசுவாசப் புள்ளி ஒன்றையும் தருகிறது. நெவாடா புள்ளிகளை வர்க்கப்படுத்தி ஒன்றைக் கூட்டுகிறது. பத்துப் புள்ளி உடையவர் பெயருக்கு 101 வாய்ப்பு; இருபது புள்ளி உடையவர் பெயருக்கு 401; புதியவருக்கு ஒன்றே ஒன்று.

'போனஸ்' என்ற சொல் இங்கே பெரும்பணி செய்கிறது. கூடுதலாகக் கிடைப்பது என்பது அதன் பொருள். தோற்றவர் அனைவருக்கும் கூடுதலாகக் கொடுத்தால் கூடுதல் என்பது யாரைவிட? அருகில் நிற்பவரும் அதே ஆண்டு அதே புள்ளியைப் பெற்றிருக்கிறார். புள்ளி ஏறுகிறது, இடம் நகர்வதில்லை. இந்நிலைக்கும் ஒரு கலைச்சொல் உண்டு: பாயின்ட் கிரீப், அதாவது புள்ளி ஊர்தல். வினைமுதல் இல்லாத சொல் அது. யார் ஊரச் செய்தார் என்று கேட்க இடமில்லை. பனி உருகுவதுபோல், கொடி படர்வதுபோல் தானே நிகழ்வதாகத் தோன்றுகிறது. உண்மையில் அது தானே நிகழ்வதன்று. எளிய கணக்கொன்றே இதைக் காட்டும்.

ஓர் உதாரண வேட்டை அலகை எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 20 சீட்டு. ஆண்டுக்கு 100 புதிய விண்ணப்பதாரர். அதிகப் புள்ளிக்கே முதலிடம். முதலாண்டு சேர்ந்த நூறு பேருக்கும் சீட்டுக் கொடுத்து முடிக்க ஐந்தாண்டு ஆகும். இரண்டாம் ஆண்டு சேர்ந்தோர் பத்தாம் ஆண்டில் முடிவர். பத்தாம் ஆண்டு சேர்ந்தோரின் கடைசி ஆள் ஐம்பதாம் ஆண்டில் சீட்டைத் தொடுவார், காத்திருப்பு நாற்பதாண்டு. முதல் அணியினருக்கோ நான்காண்டுக்கு மேல் காத்திருப்பு இல்லை. விண்ணப்பதாரர் ஆண்டுக்கு ஒரு புள்ளி ஏறும்போது, தேவைப்படும் புள்ளியின் கோடும் அதில் ஐந்தில் நான்கு பங்கு ஏறிவிடுகிறது. யாரும் ஏமாற்றவில்லை, விதி மாறவுமில்லை. ஆனாலும் முதலில் வந்தவர் அனுபவித்த உலகம் பின்னால் வந்தவருக்கு இல்லை. மெய்யான நிலவரத்தில் சலித்து விலகுவோரும் இறப்போரும் உண்டு என்பதால் கோடு இவ்வளவு சீராக ஏறுவதில்லை. திசை மட்டும் இதுவேதான். கொலராடோவின் வடமேற்கு மூலையில், போனஸ் அல்லாது நேரடி முன்னுரிமைப் புள்ளி நடக்கும் சில புகழ்பெற்ற அலகுகளுக்கு இருபதுக்கும் மேற்பட்ட புள்ளி இல்லாதவர் ஆசைப்படுவதே வீண்.

இந்த முறைகளை 1990களில் பல மாநிலங்கள் கைக்கொண்டபோது நடுவயதில் இருந்தவர்கள் இன்று முதியவர்கள். சிலர் தம் முறை வரும்போது ஒன்பதாயிரம் அடி உயர மலையில் ஏற இயலாத முழங்காலோடு இருக்கிறார்கள். புள்ளியை விற்க முடியாது. பிள்ளைக்கு விட்டுச்செல்லவும் பொதுவாக வழியில்லை. குழுவாக விண்ணப்பித்தால் புள்ளிகள் சராசரியாக்கப்படுகின்றன. இருபது புள்ளி வைத்துள்ள தந்தை, பூச்சியம் வைத்துள்ள மகளோடு சேர்ந்து விண்ணப்பித்தால் இருவரும் பத்து. மகளோடு மலையேற வேண்டும் என்ற ஆசைக்கு அவர் தரும் விலை பத்தாண்டு. அரிசோனா போன்ற மாநிலங்களில் பெற்றோர் தம் சீட்டை வயதுவராத பிள்ளைக்கு மாற்றித் தரலாம், நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது புள்ளி வைத்திருக்கும் பெற்றோரைப் பெற்ற பிள்ளைக்கு மட்டுமே உதவும். வேட்டையறியாத குடும்பத்திலிருந்து வரும் இருபத்தைந்து வயதுக்காரருக்கு உதவாது.

இதில் அதிகம் பேசப்படாத ஒன்று, பற்றாக்குறையே ஓரளவுக்குத் தேர்ந்து உண்டாக்கப்பட்டது என்பது. இறைச்சிக்காகப் பிணைமானை வேட்டையாடச் சீட்டுப் பெறுவது பெரும்பாலும் அவ்வளவு கடினமன்று. கொம்பு முற்றிய ஆண்மானுக்கே வரிசை. யூட்டா தன் வரையறுக்கப்பட்ட அலகுகளை, கொல்லப்படும் ஆண்மான்களின் சராசரி வயதை இலக்காகக் கொண்டு நிர்வகிக்கிறது. வேட்டைக்காரர் அனுப்பும் பற்களைக் கொண்டு வயது கணிக்கப்படுகிறது. ஆண்மான் ஏழெட்டு வயதுவரை உயிரோடு இருந்து பெருங்கொம்பு வளர்க்க வேண்டுமானால் சீட்டைக் குறைத்தாக வேண்டும். மந்தை தழைக்க இத்தனை முதிய ஆண்மான்கள் வேண்டும் என்று உயிரியல் வற்புறுத்தவில்லை. கொம்பின் அழகை விரும்புவோர் வற்புறுத்துகிறார்கள். அந்த விருப்பம் தவறு என்று சொல்வதற்கில்லை. செப்டம்பர் விடியலில் அத்தகைய ஆண்மான் எழுப்பும் நெடிய சீழ்க்கைக் குரலைக் கேட்டவர் அதை மறப்பதில்லை என்கிறார்கள். ஆனால் பற்றாக்குறையை விரும்பித் தேர்ந்துகொண்டு, அதன் விளைவை மட்டும் 'ஊர்தல்' என்று அழைப்பது நேர்மையன்று.

பணமும் இதில் பின்னிக் கிடக்கிறது. பல மாநிலங்களில் விண்ணப்பிக்கவே, அல்லது குலுக்கலில் நுழையாமல் புள்ளியை மட்டும் வாங்கவே, முதலில் வேட்டை உரிமம் பெற்றாக வேண்டும். வெளிமாநிலத்தாருக்கு அது நூறு டாலரைத் தாண்டுகிறது. ஆண்டுக்கு 160 டாலர் என்று வைத்துக்கொண்டால் இருபதாண்டில் 3,200 டாலர். ஒரு மானையும் பார்க்காமலே. வெளிமாநிலத்தாரிடம் அதிகம் வாங்குவது சட்டப்படி செல்லும். மொன்டானா தன் குடிமக்களிடம் எல்க் உரிமத்துக்கு 9 டாலரும், வெளியாரிடம் பிற விலங்குகளையும் சேர்த்த உரிமத்துக்கு 225 டாலரும் வாங்கியதை உச்ச நீதிமன்றம் 1978-இல் ஏற்றது. எல்க் வேட்டை பொழுதுபோக்கு, அடிப்படை உரிமை அன்று என்பது அதன் பார்வை. ஆகவே சட்டக் குற்றம் ஏதும் இல்லை. ஆனால் காத்திருப்பவரின் கட்டணத்தில் கணிசமான வருவாய் பார்க்கும் துறைக்கு, வரிசையைக் குறைக்கும் ஊக்கம் எங்கிருந்து வரும்?

புள்ளி முறையை ஆதரிப்போரின் வாதம் அற்பமானதன்று. முப்பதாண்டு தோற்றவரும் நேற்று வந்தவரும் ஒரே பானையில் ஒரே சீட்டாகக் கிடப்பது மனத்துக்கு ஒவ்வாது. தூய குலுக்கலில் ஒருவருக்கு மூன்று முறை விழலாம். இன்னொருவருக்கு வாழ்நாளில் விழாமலே போகலாம். இது உண்மை. ஆனால் மூன்று முறை விழுவதைத் தடுக்கப் புள்ளி தேவையில்லை. வென்றவரைச் சில ஆண்டு ஒதுக்கி வைத்தால் போதும்; யூட்டா இதையும் செய்கிறது, வரையறுக்கப்பட்ட எல்க் சீட்டுக்கு ஐந்தாண்டு. அந்த விதி வென்றவரை நிறுத்துகிறது. புள்ளி, இன்னும் வராதவரை நிறுத்துகிறது.

புள்ளியே இல்லாமலும் மாநிலங்கள் நடக்கின்றன. ஐடஹோவிலும் நியூ மெக்சிகோவிலும் ஒவ்வோராண்டும் அனைவரும் பூச்சியத்திலிருந்தே தொடங்குகிறார்கள். ஐடஹோவில் மூஸ், மலையாடு போன்றவற்றுக்கு விண்ணப்பிப்பவர் அதே ஆண்டு வரையறுக்கப்பட்ட எல்க் குலுக்கலில் பொதுவாக நுழைய முடியாது. எதை உண்மையில் விரும்புகிறார் என்று தேர்ந்தாக வேண்டும். எல்லாப் பானையிலும் கைவிடுவோர் குறைவதால் எல்லோரின் வாய்ப்பும் கூடுகிறது. நியூ மெக்சிகோ சொர்க்கம் என்று கருத வேண்டாம். அங்கு நில உரிமையாளருக்குத் தரப்படும் எல்க் அனுமதிகள் விலைக்கு விற்கப்படுகின்றன. குலுக்கலில் வெளிமாநிலத்தாருக்கு 6 விழுக்காடு, வழிகாட்டியை அமர்த்துவோருக்கு 10 விழுக்காடு என்று பங்கும் பிரிக்கப்பட்டுள்ளது. என்றாலும் பொதுக் குலுக்கலில் நுழையும் இருபது வயதுக்காரரின் வாய்ப்பு, அறுபது வயதுக்காரரின் வாய்ப்புக்குச் சமம்.

புள்ளி முறையை ஏற்றுக்கொண்ட மாநிலங்கள் அதிலிருந்து வெளியேறத் தயங்குவதற்குக் காரணம், கொடுத்த வாக்கு. இத்தனை ஆண்டு கட்டியவரிடம் புள்ளி இனிச் செல்லாது என்று எப்படிச் சொல்வது? மேற்சொன்ன உதாரண அலகுக்கே திரும்பினால், பத்தாண்டு முடிவில் 1,000 பேர் சேர்ந்து 200 பேர் சீட்டுப் பெற்று 800 பேர் நிற்கிறார்கள். இனிப் புதியவர் எவரையும் சேர்க்காமல் எல்லாச் சீட்டையும் இவர்களுக்கே கொடுத்தாலும் நாற்பதாண்டு ஆகும். பாதியைக் கொடுத்தால் எண்பது. காப்பாற்றவே முடியாத வாக்கைக் காப்பாற்றுவதாகச் சொல்லித்தான் ஆண்டுதோறும் மேலும் நூறு பேருக்கு அதே வாக்கு விற்கப்படுகிறது. புதிய புள்ளி வழங்குவதை ஒரு குறித்த ஆண்டில் நிறுத்தி, பழைய புள்ளியாளருக்குக் குறைந்துகொண்டே வரும் ஒரு பங்கை ஒதுக்கி, எஞ்சியதை நினைவற்ற குலுக்கலுக்கு விடுவது வலிக்கும் வழி. வழி இருக்கும் என்று சொல்லத்தக்கது அது ஒன்றே.

அதற்குள் அடுத்த மே வந்துவிடும். நெவாடாவில் பெருவிலங்கு வேட்டைக்குக் குறைந்தபட்ச வயது பன்னிரண்டு. முதல்முறை விண்ணப்பிக்கும் சிறுமியின் பெயருக்குக் கணினி ஓர் எண்ணை உருட்டும். இருபது புள்ளி உடையவரின் பெயருக்கு 401 எண்களை உருட்டி, அவற்றுள் மிகச் சிறியதை எடுத்துவைக்கும்.