பரிசோதனை எங்கே?

பத்தாம் வகுப்பு விஞ்ஞானத்தில் 25 மார்க் செய்முறைக்கு உண்டு. நெம்புகோல் தத்துவத்தால் எடை காண்பது, லென்ஸின் குவியத்தூரம் அளப்பது, கம்பியின் மின்தடை எண்ணைக் கண்டறிவது ஆகியவை பௌதிகப் பரிசோதனைகள். தமிழக அரசின் இந்தக் குறிக்கோள் சரியானதே.

ஏற்றம் இறைத்தவருக்கு, கடப்பாரையால் பாறை புரட்டியவருக்கு நெம்புகோலின் பலம் தெரியும். கணக்குத்தான் கிட்டவில்லை. அதை அவர் பிள்ளை தன் கையால் அளந்தறிய வேண்டும்.

ஓம் விதியை ஒப்பித்தால் போதுமா? மின்னழுத்தம் இரு மடங்கானால், கம்பியில் ஓடும் மின்சாரமும் இரு மடங்காவதை அம்மீட்டரில் கண்ணால் காண வேண்டாமா? பார்த்தெழுதிய ரிக்கார்டு நோட்டு மார்க் தரலாம், அறிவு தராது.

பெற்றோர்களே! கூட்டாகப் பள்ளிக்குச் செல்லுங்கள். “எங்கள் பிள்ளைகள் எந்தப் பரிசோதனையைத் தாமே செய்தார்கள்?” என்று கேளுங்கள். கருவி இல்லையென்றால், வரும்வரை கேளுங்கள்!